தலைசுற்றலுக்கு ஓர் அட்டை

"ஏதாவது ஒரு வரி எழுதுங்க" என்று டாக்டரம்மா வெள்ளைத்தாளை நகர்த்தியபோது, அக்கா பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "எத்தனை கிலோவுக்கு?" என்று கேட்டாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. பக்கத்து நாற்காலியில் இருந்த தம்பிதான் விளக்க வேண்டியிருந்தது. தம்பி என்றதும் சின்னப் பையன் என்று நினைத்துவிட வேண்டாம், ஐம்பதைத் தொடப்போகிற ஆள். அக்கா பேக்கரியில் கேக் மேல் பெயர் எழுதுகிறவள், இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை, அரைக் கிலோ என்றால் பெயர் மட்டும், ஒரு கிலோவுக்குப் பெயரும் வாழ்த்தும், இரண்டு கிலோவைத் தாண்டினால் ஆளாளுக்கு ஒரு வரி சேர்க்கச் சொல்வார்கள் என்று அவன் சொன்னான். டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். அவனும் சிரித்தான். சொன்னவள் முகத்தில் மட்டும் சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நாளாகவே அவள் முகம் அப்படித்தான் இருந்தது. பேச்சில் குறும்பு இருக்கும், முகம் அதைக் கேட்காத மாதிரி இருக்கும்.

பிறந்தநாள் வாழ்த்துகள் என்று எழுதினாள். 'பி' நல்ல பெரிதாக வந்தது. 'ந்த'வில் கொஞ்சம் குறைந்தது. 'வாழ்த்துகள்' முடியும்போது எழுத்து அரிசி அளவுக்கு வந்து ஓரத்தில் ஒண்டிக்கொண்டது. பேக்கரி முதலாளி மூன்று மாதமாக இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "அக்கா, க்ரீமை மிச்சம் பிடிக்கறீங்களா என்ன? பெரிய மனசு பண்ணி பெருசா எழுதுங்க" என்று முதலில் கிண்டலாகச் சொன்னார், பிறகு கிண்டல் இல்லாமல் சொன்னார். பெரிதாகத்தான் எழுதுகிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டிருந்தாள். எழுதி முடித்துப் பார்த்தால்தான் அவளுக்கே தெரியும். அப்புறம் கத்தியால் வழித்து எடுத்துவிட்டு மறுபடி எழுதுவாள், வாடிக்கையாளர் நின்றுகொண்டே இருப்பார்.

டாக்டரம்மா விரல்களைத் தட்டிக் காட்டச் சொன்னார். மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தார். வராந்தாவில் நடக்கச் சொன்னார். நடக்கும்போது வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. உட்கார்ந்ததும் அந்தக் கைக் கட்டைவிரல் தானாக ஆடத் தொடங்கியது, எதையோ உருட்டுகிற மாதிரி.

"மூளைக்கு நடுவுல, நல்ல ஆழத்துல, சின்னச் சின்ன முடிச்சு மாதிரி சில பகுதி இருக்கு" என்றார் டாக்டரம்மா. "கையைத் தூக்கணும்னு மேல் மூளை நினைக்கும். ஆனா அது நினைச்சா மட்டும் போதாது. 'சரி, போ'ன்னு இந்த முடிச்சுங்க வழி விடணும். எவ்வளவு வேகமா, எவ்வளவு பெருசா அசையணும்னு பாத்துக்கறதும் அதுங்கதான். அந்த வேலைக்கு டோபமைன்னு ஒரு ரசாயனம் வேணும். உங்களுக்கு அது சரியா வேலை செய்யலன்னு தோணுது."

"அப்ப என் கை மேல தப்பு இல்ல" என்றாள் அக்கா.

"கை நல்லாதான் இருக்கு."

"முதலாளிகிட்ட சொல்லணும். பாவம், கையைப் போட்டுத் திட்டறாரு."

டாக்டரம்மா நோயின் பெயரைச் சொன்னார். பார்க்கின்சன். முழுசாகக் குணமாகும் என்று சொல்ல மாட்டேன், சமாளிக்கலாம், மாத்திரை எழுதுகிறேன், நாலு வாரம் கழித்து வாருங்கள் என்றார். எழுதப்போகும் முன் பேனாவை நிறுத்தி, "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?" என்று கேட்டார்.

"பிரஷருக்கு ஒண்ணு. அவ்வளவுதான்" என்றான் தம்பி. அக்காவும் ஆமாம் என்று தலையாட்டினாள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. இன்னொரு மாத்திரையும் இருந்தது, ஆனால் அது இரண்டு பேர் கணக்கிலும் மாத்திரையாகவே இல்லை, வந்த வினை அதுதான்.

அவன் மருந்துக்கடை வைத்திருந்தான். பேக்கரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பக்கம் கண்ணாடிக் கடை, இன்னொரு பக்கம் தையல் மிஷின் ரிப்பேர். அந்த வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் சின்ன டாக்டர். காய்ச்சல், இருமல், வாய்ப்புண் என்றால் ஜனங்கள் பெரிய டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவனிடம்தான் நிற்பார்கள். அவனும் கண்ணைச் சுருக்கி, நாக்கை நீட்டச் சொல்லி, இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பான். சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் சரியாகத்தான் கொடுப்பான். அந்தப் பெயர் அவனுக்கு உள்ளூரப் பிடித்தும் இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் அக்காவுக்குத் தலைசுற்றல் வந்தது. படுக்கையில் புரண்டால் கூரையே சுற்றும் என்றாள். காது டாக்டர் பத்து நாளைக்கு ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். பத்தே நாளில் கூரை நின்றது. பதினோராம் நாள் அக்கா கடைக்கு வந்து, "இன்னும் கொஞ்சம் குடுடா, ஒரு தைரியத்துக்கு" என்றாள். கணவன் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. மகள் வேறு ஊரில் வேலையில் இருந்தாள். தனியாக இருக்கிறவள், குளியலறையில் தலை சுற்றி விழுந்தால் யார் பார்ப்பது என்ற பயம் அவளுக்கும் இருந்தது, அவனுக்கும் இருந்தது. ஓர் அட்டையை எடுத்து அவள் பைக்குள் போட்டான். அப்புறம் அதுவே பழக்கமாகிவிட்டது. அவள் கடைப்பக்கம் வந்தால் போகும்போது பைக்குள் ஓர் அட்டை போகும். "உங்க அக்காவுக்குக் குடுக்கறது மாத்திரையா, முட்டாயா?" என்று அவன் மனைவி பில் போட்டுக்கொண்டே கிண்டல் செய்வாள். அவனுக்கு அந்தக் கிண்டலும் பிடிக்கும். அக்கா மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம். அதை வாயால் சொல்லத் தெரியாது. கையில் இருந்தது மருந்துக்கடை, அதிலிருந்து எடுத்துக் கொடுத்தான்.

டாக்டரம்மா எழுதிக் கொடுத்த மாத்திரையை அன்று சாயங்காலம் வரவழைத்து அவனே பெட்டியைப் பிரித்தான். உள்ளே எட்டாக மடித்த காகிதம் இருந்தது. கடை வைத்து இருபத்தாறு வருஷத்தில் அந்தக் காகிதங்களில் ஒன்றைக்கூட அவன் உட்கார்ந்து படித்தது கிடையாது. அவற்றை வைத்துக் கண்ணாடி துடைப்பான், பின்பக்கத்தில் போன் நம்பர் குறித்துக்கொள்வான். இது அக்காவுக்கு என்பதால் பிரித்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, வரி வரியாகப் படித்தான். இந்த மருந்தோடு சேர்க்கக் கூடாதவை என்று ஒரு பட்டியல் இருந்தது. நான்காவது பெயரில் கண் நின்றது. கை அதுபாட்டுக்கு மூன்றாவது தட்டுக்குப் போய்த் தலைசுற்றல் மாத்திரைப் பெட்டியை எடுத்தது. அதிலும் எட்டாக மடித்த காகிதம். டோபமைனை வேலை செய்யவிடாமல் தடுக்கும், டாக்டர் மேற்பார்வை இல்லாமல் நீண்ட நாள் சாப்பிடக் கூடாது, சாப்பிட்டால் கைநடுக்கம், உடல் விறைப்பு, அசைவில் மந்தம், முகபாவம் குறைதல், கையெழுத்து சிறுத்துப்போதல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டிய எழுத்தில் அக்காவின் மூன்று மாதக் கதையை யாரோ முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். இதையெல்லாம் அவன் ஒரு காலத்தில் பரீட்சைக்குப் படித்தவன்தான். பாஸ் செய்ததும் மறந்தவன்.

"என்ன, மூஞ்சி இப்படி வேர்க்குது?" என்றாள் மனைவி.

"கண்ணாடி பவர் மாத்தணும் போல" என்றான்.

அன்றைக்கே டாக்டரம்மாவுக்கு ஒரு போன் போட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். போனை எடுக்கவும் செய்தான். எடுத்து என்ன சொல்வது? நான்தான் கொடுத்தேன் என்றா? இரண்டு வருஷம், டாக்டர் சீட்டு இல்லாமல், சொந்த அக்காவுக்கு. பயமாக இருந்தது, வெட்கமாக இருந்தது, அக்காவின் முகத்தை நினைத்ததும் போனைத் திரும்ப வைத்துவிட்டான். கெட்டிக்காரன் அல்லவா, ஒரு வழி கண்டுபிடித்தான். மாத்திரையை நிறுத்துவதுதான் வைத்தியம், அதை நிறுத்திவிட்டால் போயிற்று, யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். மறுநாள் காலையில் அக்கா வீட்டுக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் இருந்த பாதி அட்டையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். அதற்குப் பதில் மஞ்சள் நிறத்தில் ஒரு சத்து மாத்திரை அட்டையை வைத்தான். "கம்பெனி மாத்திட்டாங்கக்கா, இனிமே கலர் இதுதான்" என்றான். அக்கா அட்டையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் கொடுத்ததை அவள் என்றைக்குத் திருப்பிப் பார்த்திருக்கிறாள்.

அவள் தேறிவிடுவாள், டாக்டரம்மாவின் மருந்துக்கு நல்ல பெயர் கிடைக்கும், கிடைத்துவிட்டுப் போகட்டும் என்று காத்திருந்தான். தினம் சாயங்காலம் ஏதாவது சாக்கு வைத்துப் பேக்கரிக்குப் போனான். ஒரு மாற்றமும் இல்லை. முதலாளி நல்ல மனுஷன், "பேரே எழுத வேணாம்க்கா, கவுண்டர்ல உக்காருங்க" என்றார். உட்கார்ந்தாள். ஆனால் வருகிறவர்களுக்கு அவள் முகம் பிடிபடவில்லை. ஒரு பெண் தன் குழந்தைக்குத் தட்டில் இருந்த பிஸ்கட்டைக் காட்டி விலை கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருந்து, "ஏங்க, எங்க மேல என்ன கோவம் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அக்காவுக்குக் குழந்தைகள் என்றால் உயிர். அன்றைக்குத்தான் இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று முதலாளியிடம் சொன்னாள். அதை அவனிடம் சொன்னபோதும் ஏதோ கடை லீவு விஷயம் சொல்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

பிறகு அக்காவின் மகள் போன் செய்தாள். "மாமா, அம்மா இனிமே தனியா இருக்க வேணாம். வீட்டைக் காலி பண்ணிட்டு என்கூட வந்துடட்டும். நான் சொன்னா பாக்கலாம் பாக்கலாம்ங்கறாங்க. நீங்க சொல்லுங்க மாமா. உங்க பேச்சுக்கு அவங்ககிட்ட மறுபேச்சே கிடையாது."

"சரிம்மா" என்றான் அவன். போனை வைத்த பிறகு ஒருவர் இருமல் மருந்து கேட்டார். காது வலிக்கான சொட்டு மருந்தை எடுத்துக் கொடுத்தான். மனைவி பார்த்துவிட்டு மாற்றிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வீட்டுக்குப் போனான். கூடத்தில் நாலு அட்டைப்பெட்டிகள் வாய் திறந்து கிடந்தன. அவன் சொல்வதற்கு முன்பே அவள் கிளம்பத் தொடங்கியிருந்தாள். ஒரு பெட்டியில் பாத்திரம், ஒன்றில் துணி. கேக் மேல் க்ரீமால் எழுதுகிற கோன், அதன் மூக்குகள், கரண்டிகள் எல்லாம் ஒரு துண்டில் சுற்றித் தனியாக இருந்தன. "இதையெல்லாம் பேக்கரிக்குக் குடுத்துடு. அங்க போயி நான் யாருக்கு எழுதப்போறேன்" என்றாள். ரவிக்கை ஒன்றை மடித்துக்கொண்டிருந்தாள். அதன் ஒரு பக்கத்தை மடித்து, அடுத்த பக்கத்தை மடிக்க யோசித்து, தன் கை அசைந்து வரக் காத்திருந்து மடித்தாள். முன்பைவிட மந்தமாக இருந்தாள். இருபத்தாறு நாள் ஆகியும் ஏன் இப்படி என்று அவனுக்குப் புரியவில்லை. ஒருவேளை காகிதத்தில் போட்டது தப்போ, இது நிஜமாகவே அந்த நோய்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. அப்படி இருந்தால் தன் மேல் தப்பில்லை என்று ஒரு நிம்மதியும் கூடவே வந்தது. அந்த நிம்மதி வந்ததற்காகத் தன் மேலேயே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றிக்கொண்டு வந்தான். அவள் டம்ளரைப் பாதிதான் நிரப்பினான், தளும்பாமல் இருக்க.

"நாளன்னிக்கு டாக்டரம்மாவைப் பாக்கணும்" என்றான்.

"அவங்க மாத்திரை ஒண்ணும் கேக்கலடா. உன் மஞ்ச மாத்திரையும் கேக்கல. அதைப் போட்ட மூணாம் நாளே தலை லேசா சுத்துச்சு. நல்ல வேளை, பழசு இருந்துது."

"எது பழசு?"

அக்கா எழுந்தாள். எழுவதற்கு இரண்டு முறை முயல வேண்டியிருந்தது. பீரோவைத் திறந்து, புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். மூடியைத் திறந்தான். அட்டை அட்டையாகத் தலைசுற்றல் மாத்திரை. எல்லாம் அவன் கடை மாத்திரை, அவன் கையால் போட்டது.

"நீ பாட்டுக்குப் பையில போட்டுக்கிட்டே இருப்ப. எல்லாத்தையும் தின்னுட முடியுமா? மிச்சத்தை சேத்து வெச்சேன். மக வீட்டுக்குப் போயிட்டா நீ பக்கத்துல இருக்க மாட்டியே" என்றாள். "இப்ப காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு போடறேன். பெரிய டாக்டர் என்ன வேணா எழுதட்டும். உன் மாத்திரை உள்ள போனாத்தான் எனக்கு ஒரு நம்பிக்கை."

டம்ளரைக் கீழே வைத்தான். அவளுக்கு எதிரே நாற்காலி காலியாக இருந்தது. அதில் உட்காராமல் தரையில், அவள் காலடியில் உட்கார்ந்தான்.

"அக்கா, இதாலதான் உனக்கு இது வந்தது."

"எதால?"

"இந்த மாத்திரையால. பத்து நாளைக்கு எழுதினதை நான் ரெண்டு வருஷம் குடுத்தேன். அந்த டோபமைன் இருக்குல்ல, டாக்டரம்மா சொன்னாங்களே, அதை இது மறிக்குது. கை நடுங்கறது, எழுத்து சின்னதாகறது, எல்லாம் இதாலதான் இருக்கணும். உனக்கு அந்த நோயே இல்லாமலும் இருக்கலாம்."

பேசும்போது டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தான். வெளியே யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நின்ற பிறகு அக்கா கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

இந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. ஏன் கொடுத்தாய் என்று கேட்டிருந்தால் பதில் வைத்திருந்தான்.

"டாக்டரைப் பாத்துட்டு வந்த அன்னிக்கே."

"அப்ப அந்த மஞ்ச மாத்திரை?"

"சத்து மாத்திரை."

"கம்பெனி மாத்திட்டாங்கன்னு சொன்ன."

"ஆமா."

"நான் வேலையை விட்டேன். அப்பவும் தெரியும். இந்தப் பெட்டி கட்டறேன், இப்பவும் தெரியும்."

"தெரியும்க்கா."

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். சின்ன வயசிலிருந்து அந்த முகத்தைப் படித்து வளர்ந்தவன் அவன். இடது புருவம் ஏறினால் அடி விழும், உதட்டை உள்ளே மடித்தால் சிரிப்பை அடக்குகிறாள், மூக்கு விடைத்தால் அழப்போகிறாள். இப்போது புருவம் இருந்த இடத்தில் இருந்தது. உதடு இருந்த இடத்தில் இருந்தது. கண் இமைக்கக்கூட இல்லை. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

"கோவமா இருக்கியாக்கா?"

"இருக்கேன்டா" என்றாள், அதே தட்டையான குரலில். "உனக்குத் தெரியலையா?"

"தெரியலக்கா."

"அப்படின்னா அதுவும் உள்ளயே மாட்டிக்கிட்டு நிக்குது." டப்பாவைக் காட்டி, "இதை விட்டா எல்லாம் திரும்பி வருமா?" என்று கேட்டாள்.

"மூணு மாசம் ஆகலாம், ஆறு மாசம் ஆகலாம், அதுக்கு மேலயும் ஆகலாம். சில பேருக்கு முழுசா வராமலும் போகுமாம். டாக்டரம்மாதான் சொல்லணும். அவங்க குடுத்ததை நாமளா நிறுத்தக் கூடாது. நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"போன்லாம் வேணாம். நேர்ல வந்து சொல்லு. நான் பக்கத்துல உக்காந்திருப்பேன். அவங்க கேக்கறப்ப நீ வாயைத் தொறந்து சொல்லணும். எனக்குப் பதிலா நீதானே எப்பவும் பதில் சொல்லுவ."

"சொல்றேன்."

மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தான். அப்போது அக்காவின் வலது கை அவள் மடியிலிருந்து கிளம்புவதைப் பார்த்தான். விரல்கள் விரியாமல் பாதி மூடியிருந்தன, கட்டைவிரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அது அவன் கன்னத்தை நோக்கித்தான் வந்தது. ஓர் அறை விடுவதற்காக அவள் தூக்கினாளா, தடவிக் கொடுப்பதற்காகத் தூக்கினாளா என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வழியில்லை. அறை என்றால் இவ்வளவு மெதுவாக வரும் அறையை யாரும் எளிதாகத் தப்பிவிடலாம். அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு, முகத்தை நகர்த்தாமல் உட்கார்ந்திருந்தான். கை பாதி தூரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி வரத் தொடங்கியது.